பதினேழு முதல் இருபத்துமூன்று வரை

போன மாதம் ஒரு காலை தொல்பொருள் திணைக்களத்தின் தலைமைக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் தொலைபேசியில் அழைத்தார். வேலையில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். குரலில் இன்னும் மரியாதை இருந்தது. பழைய கண்டெடுப்புப் பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்றுகிறார்களாம். வன்னியிலிருந்து போன ஒரு பதிவேட்டில் பதினேழாம் இலக்கத்திலிருந்து இருபத்துமூன்றாம் இலக்கம் வரை சிவப்பு மையால் கோடு கீறிக் கிடக்கிறது. காரணம் எழுதும் இடத்தில் தண்ணீர் பட்டு எழுத்துக் கரைந்துவிட்டது. கீழே இரண்டு கையொப்பம். ஒன்று என்னுடையது. மற்றவர் உயிரோடு இல்லை.

“தவறான பதிவு எண்டு போட்டுவிடட்டோ ஐயா? காரணம் போடாட்டிக் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகுதில்லை.”

காரணம் கேட்டு அடம்பிடிக்கும் இயந்திரம் ஒன்று எங்கள் தொழிலுக்கு வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். பின்னேரம் எடுங்கோ, யோசிச்சுச் சொல்லுறன் என்றேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் காரணத்தை நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பாடமாக வைத்திருக்கிறேன். ஆனால் அதைச் சொல்வதென்றால் முழுவதையும் சொல்ல வேண்டும்.

நான் படவரைஞராகச் சேர்ந்தவன். தோண்டிய குழியின் சுவரில் தெரியும் மண் படைகளை வரைகட்டத் தாளில் அளவு தப்பாமல் வரைவது என் வேலை. பயிற்சிக் காலத்தில் படித்ததை நாலு வசனத்தில் சொல்லிவிடலாம். முதலில் நிழற்படம், பிறகு அளவு, பிறகு வரைபடம், அதற்குப் பிறகுதான் கை வைப்பது. பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. பிழையென்றால் ஒற்றைக் கோடு கீறி, காரணம் எழுதி, இருவர் கையொப்பம் வைக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுத வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்த பலரை எனக்குத் தெரியும். பிறகு அதைக் கடைப்பிடித்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் கிளிநொச்சியில் எங்கள் கந்தோர் என்பது ஓர் அலுமாரியும் இரண்டு கதிரையும் கனகசபை ஐயாவும்தான். ஐயா என் மேலதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர், வெளிநாட்டில் படித்தவர், வெள்ளைச் சட்டையோடு குழிக்குள் இறங்கி வெள்ளைச் சட்டையோடே ஏறி வருகிறவர். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ‘இல்லை’ என்ற சொல்லையும் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக ‘பார்ப்பம்’ என்பார். விடுமுறை கேட்டால் பார்ப்பம். சைக்கிளுக்கு ரியூப் கேட்டால் பார்ப்பம். சுருக்கமாகச் சொன்னால் கிடைக்காது. இழுத்துச் சொன்னால் எப்போதும் கிடைக்காது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னால், கேட்டதே பிழை. அந்த ஒரு சொல்லோடு ஒரு திணைக்களத்தையே நடத்தியவர் அவர்.

அந்தக் காலத்தில் தோண்டுவதற்கு எங்களுக்குப் பணமும் இல்லை, அனுமதியும் இல்லை. ஆனால் வன்னியில் வீட்டுக்கு வீடு தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பதுங்குகுழியும் ஆறடி ஆழத்தில் நேர்ச்சுவர் வெட்டிய அருமையான ஆய்வுக்குழி. நாங்கள் சைக்கிளில் போய், “ஒருக்கால் உங்கடை பங்கரைப் பாக்கலாமோ?” என்று கேட்போம். உளவு பார்க்க வந்தவர்கள் என்று சிலர் விரட்டினார்கள். தண்ணீரூற்று என்ற ஊரில் ஒரு வீட்டுக்காரர், நாங்கள் சுவரை ஒரு மணித்தியாலம் அளந்து வரைந்து முடித்த பிறகு, “அப்ப இது ஷெல்லுக்குத் தாங்குமோ?” என்று கேட்டார். அடியில் இருப்பது மிகப் பழைய படை என்றார் ஐயா. மனிதருக்கு நல்ல ஆறுதல்.

பார்த்தது வீணாகவில்லை. இரணைமடுப் பக்கத்தில் செம்மண்ணுக்குக் கீழே ஒரு சரளைப் படை போகிறது. வீதிக்குக் கொட்டும் கிரவல் அதுதான். அந்தச் சரளைக்குள் பழைய கற்கால மனிதர் உடைத்த கற்கள் கிடக்கின்றன. வெள்ளைப் படிகக் கல்லைக் கையில் எடுத்து, இன்னொரு கல்லால் ஓரத்தில் தட்டி, தோல் சுரண்டவும் இறைச்சி வெட்டவும் கூராக்கியிருக்கிறார்கள். தட்டிய இடத்தில் ஒரு சிறு மேடு தெரியும். தானாக உடைந்த கல்லில் அது இராது. தெறித்த சில்லுகள் ஓரிடத்தில் குவிந்து கிடந்தால், ஒருவர் அங்கே குந்தியிருந்து வேலை செய்திருக்கிறார் என்று பொருள். ஆறு ஓடிய மேட்டில் இருந்து, தண்ணீருக்கு வரும் மானைப் பார்த்தபடி கல்லைத் தட்டியவர். அவர் இருந்த இடம் கிடைக்கிறது, செய்த பிழைகள்கூடக் கிடைக்கின்றன. சரியாக உடையாமல் எறிந்த கல்லும் எங்கள் பதிவேட்டில் இலக்கம் பெறுகிறது. அவர் மட்டும் கிடைப்பதில்லை. தெற்கே ஈரமான குகைகளில் பழைய மனிதரின் எலும்பு கிடைத்திருக்கிறது. வன்னிச் செம்மண் அப்படியல்ல. ஒவ்வொரு மாரியும் தண்ணீர் வடிந்து வடிந்து எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துக் குடித்துவிடும்.

இது ஐயாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும், என்றோ ஒரு நாள் ஓர் எலும்பு வரும் என்று அவர் காத்திருந்தார். அவருடைய ஒரே ஆசை அதுதான்.

ஓர் ஆடி மாதம், தர்மபுரத்துக்கு அப்பால் ஒரு கிரவல் கிடங்கில் கற்கருவிகள் விழுகின்றன என்று தகவல் வந்தது. வீதி வேலைக்குக் கிரவல் எடுக்க வெட்டிக்கொண்டிருந்த பெரிய பள்ளம். நாங்கள் போய், கைவிடப்பட்ட பழைய மூலை ஒன்றைக் கயிறு கட்டி ஒதுக்கிக்கொண்டோம். மண் வெட்ட மாணிக்கம் என்பவரை அமர்த்தினோம். அதே கிடங்கில் ஆறு வருடம் கிரவல் வெட்டியவர். வாய் சும்மா இராது. மத்தியானச் சாப்பாடு கிடங்குக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டிருந்த பிலோமினாக்கா வீட்டில்.

பிலோமினாக்கா முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். கடலை விட்டு வந்தும் வலையை விடவில்லை. குளங்களில் மீன் பிடிப்பவர்களுக்கு நைலோன் வலை பின்னிக் கொடுத்து வாழ்ந்தார். அவருடைய கணவர் அருளப்பு, இரண்டு மாரிக்கு முன் ஒரு நாள், பின்னி முடித்த வலை ஒன்றைக் குளத்துப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவில்லை. வலை போய்ச் சேர்ந்தது. ஆள் வந்து சேரவில்லை. சுற்றியிருந்தவர்கள் தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். அதிகம் பேர் சொன்னது, அவர் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய் வேறு குடும்பம் எடுத்துவிட்டார் என்பது.

“மாதா கோயில் சாமியாரிட்டைப் போய்ச் செத்தவைக்கு வைக்கிற பூசை வையுங்கோ எண்டு கேட்டனான்,” என்று எங்களுக்குச் சோறு போட்டபடி ஒரு நாள் சொன்னார். “‘செத்தது நிச்சயமோ?’ எண்டு கேட்டார். நிச்சயமில்லை எண்டன். அப்ப சுகமாயிருக்க மன்றாடுவம் எண்டார். நான் ரெண்டு பக்கமும் மெழுகுதிரி கொளுத்திறன் தம்பி. ஆண்டவர் எது சரியெண்டு பாத்து எடுக்கட்டும்.”

அந்த வெள்ளிக்கிழமை காலை, சரளைக்குள்ளிருந்து ஒரு கீழ்த்தாடை வந்தது. பற்களோடு, செங்காவி படிந்து. அதற்குப் பக்கத்திலேயே படிகக் கல்லில் செய்த அருமையான ஒரு சுரண்டி. பிறகு கை எலும்புத் துண்டுகள் ஆறு, தாடையோடு சேர்த்து ஏழு எலும்பு.

ஐயா முழங்காலில் இருந்தார். சட்டையில் மண் பட்டதை அன்றுதான் கண்டேன். ஒரு சிறு துண்டைத் தூரிகையால் துடைத்து, நாக்கில் வைத்தார். இது எங்கள் தொழிலில் உள்ள பழைய பரிசோதனை. மிகப் பழைய எலும்பு ஈர நாக்கில் ஒட்டிக்கொள்ளும். புதிய எலும்பு வழுக்கும்.

“ஒட்டுது தம்பி,” என்றார்.

ஒட்டத்தானே செய்யும். அன்று ஆடி வெள்ளி. ஐயா விரதம், பொழுதுபடும் வரை தண்ணீரும் குடிக்கமாட்டார். பதினொரு மணி வெயிலில், முந்திய இரவிலிருந்து ஈரம் காணாத அந்த நாக்கில் கருங்காலித் துண்டை வைத்திருந்தாலும் ஒட்டியிருக்கும். இதை நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவருடைய முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை.

அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் தாடையைப் பார்த்துக்கொண்டே போனார். “இங்கை பார். இடப்பக்க முன்பல்லு. நுனியிலை ஒரு தவாளிப்பு, வாளால அரிஞ்ச மாதிரி. நரம்பையோ நாரையோ பல்லாலை கவ்வி இழுத்துக் கயிறு திரிச்சிருக்கினம். தம்பி, இது அவையின்ரை சீவியம். கல்லு சொல்லாததைப் பல்லு சொல்லுது.”

அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆள்தான் பிழை.

தள விபரப் படிவத்தை அன்றே நிரப்பினேன். அதில் ‘உள்ளூர் மக்களிடம் பெற்ற தகவல்’ என்று ஒரு நிரல் உண்டு. அதற்கு நாங்கள் எப்போதும் கந்தோரிலிருந்து புறப்படும் முன்பே ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவோம். நேரம் மிச்சம். திங்கட்கிழமை வவுனியா போகும் லொறியில் பெட்டியும் அறிக்கையும் கொழும்புக்குப் போவதாக ஏற்பாடு. போனால் திரும்பி வராது. வன்னியிலிருந்து போன எதுவும் வந்ததில்லை.

சனிக்கிழமை காலை, எலும்புகளில் இந்தியன் மையால் இலக்கம் எழுதினேன். பதினேழு, தாடை. பதினெட்டு, மேற்கை எலும்பு. எழுத்து அழியாதிருக்க மேலே நகப்பூச்சுப் பூசினேன். காயும்வரை தேத்தண்ணீர் குடித்தேன். பிறகு, ஏனென்று சொல்லத் தெரியவில்லை, இருபத்துமூன்றாம் துண்டை எடுத்து என் நாக்கில் வைத்தேன். வழுக்கியது.

என் நாக்கா, அவர் நாக்கா என்று யோசித்துக்கொண்டே சாப்பிடப் போனேன். பிலோமினாக்கா சோற்றைப் போட்டுவிட்டு வலைக்குத் திரும்பினார். ஒரு கண்ணைப் பின்னி முடிச்சுப் போட்டதும் நூலைக் கீழே விடாமல் முன்பல்லால் கவ்வி, விண்ணென்று இழுத்தார். நூல் வழுக்காமல் பல்லில் போய் இருந்தது. அது இருப்பதற்கென்றே பல்லில் ஒரு தவாளிப்பு இருந்தது, வாளால் அரிந்தது போல.

“என்ன தம்பி, சோத்தை விட்டிட்டு என்ரை வாயைப் பாக்கிறியள்? இந்த வயசிலை எனக்குச் சம்பந்தம் பேசவோ?”

“பல்லுப் பாத்து வாங்க நீங்கள் என்ன மாடோ அக்கா?” என்றார் மாணிக்கம்.

“நீ பல்லுப் பாத்து வாங்கின மாட்டைத்தானே ஊரே பாத்துச் சிரிக்குது. சும்மா இருந்து தின்.”

சிரித்தபோது தவாளிப்பு இன்னும் நன்றாகத் தெரிந்தது. அந்த இடத்தில் நான் ஒரு பிழை விட்டேன். விசாரணை முடியும் முன் உறவினரிடம் எதுவும் கேட்கக் கூடாது, கேட்டேன்.

“அக்கா, வலை பின்னுற எல்லாருக்கும் பல்லு இப்பிடி வருமோ?”

“சின்னனிலை தொடங்கினால் வரும். எங்கடை கரையிலை கனபேருக்கு இருக்கு.”

“அருளப்பு அண்ணைக்கு?”

கை நின்றது. “இருந்தது. அவருக்குக் கீழ்ப்பல்லு, இடப்பக்கம். இடக்கைக்காரர்.” பிறகு மெதுவாக, “ஏன் கேக்கிறியள்?” என்றார்.

சோற்றையும் முடிக்காமல் கிடங்குக்கு நடந்தேன்.

சுவரை மறுபடி பார்த்தேன், இந்தமுறை வரைபவனாக. ஆறு கொண்டுவந்து படியவிட்ட சரளையில் தட்டைக் கற்கள் படுத்திருக்கும், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, ஒரே பக்கம் பார்த்து. தாடை வந்த இடத்தைச் சுற்றி ஐம்பது கல்லை எடுத்துச் சாய்வு அளந்தேன். சில நின்றன, சில தலைகீழாகக் கிடந்தன, இடையிடையே செம்மண் கட்டிகள். ஒரு பக்கமும் பார்க்காத கற்கள். இது படிந்ததல்ல, விழுந்தது.

“மாணிக்கம், இந்த மூலை எப்பவாவது சரிஞ்சதோ?”

“ஓம் ஐயா. ரெண்டு மாரிக்கு முந்தி. கீழை குடைஞ்சு வெட்டிப்போட்டாங்கள். பெரிய மழையிலை மேல்பாதி அப்பிடியே இடிஞ்சு விழுந்திட்டுது. அதுக்குப் பிறகுதான் இந்த மூலையை விட்டது.”

“இதை ஏன் முதலே சொல்லேல்லை?”

“ஒருத்தரும் கேக்கேல்லையே.”

ஐயா பாலை மரத்தின் கீழ் இருந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். நான் வரைபடத்தை வைத்தேன். கற்களின் சாய்வைச் சொன்னேன், சரிந்த கதையைச் சொன்னேன், நாக்கைப் பற்றியும் சொன்னேன். கடைசியாகப் பல்லைச் சொன்னேன். மழைக்கு ஒதுங்கிய ஒருவர் குடைந்த சுவரின் கீழ் நின்றிருக்கலாம். இன்னும் இரண்டடி உள்ளே தோண்டினால் தெரிந்துவிடும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

“பார்ப்பம்,” என்றார்.

போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கிடங்குக்குள் இறங்கி, மாணிக்கத்தைத் தள்ளி நிற்கச் சொல்லி, மண் சுரண்டும் சாந்தகப்பையைத் தானே எடுத்தார். அந்தச் சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் நினைவு வந்தது.

நிமிர்ந்தபோது பிலோமினாக்கா கிடங்கின் விளிம்பில் நின்றார். நான் கேட்ட கேள்வி அவரை நடத்திக் கொண்டுவந்திருந்தது. கையில் பாதி வலை. ஐயா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “இருக்கக் கதிரை ஒண்டு கொண்டுவந்து குடு தம்பி,” என்றார்.

இரண்டடி தேவைப்படவில்லை. ஒன்றரை அடியில், விலா எலும்புகளுக்குப் பக்கத்தில், வலை பின்னும் ஊசி இருந்தது. ஒரு சாண் நீளம், பச்சைப் பிளாஸ்ரிக். சுற்றியிருந்த நைலோன் நூல் அப்படியே இருந்தது. எலும்பைத் தின்னும் மண் நைலோனைத் தொடவில்லை.

ஐயா அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேலே ஏறினார். “அம்மா, இதை உங்களுக்குத் தெரியுமோ?”

பிலோமினாக்கா ஊசியின் நுனியைப் பெருவிரலால் தடவினார்.

“இது உடைஞ்சது. நான் கத்தியைக் காய்ச்சித் தீட்டிக் குடுத்தனான்.” பிறகு ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தியாவுக்குப் போனவராம். வேறை குடும்பமாம். கூப்பிடு தூரத்திலை, என்ரை குசினி அடுப்புப் புகை தெரியிற இடத்திலை கிடந்திருக்கிறார்.” அதற்குப் பிறகுதான் அழுதார்.

மனித எச்சம் அண்மைக் காலத்தது என்று தெரிந்த கணத்திலிருந்து அது எங்களுடையதல்ல. வேலை நிற்க வேண்டும், மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், அவர் வரும்வரை எதையும் அசைக்கக் கூடாது. ஐயா ஒவ்வொன்றையும் வரிசை தப்பாமல் செய்தார். கடிதத்தைத் தானே எழுதினார். அதில் ‘எனது ஆரம்பக் கணிப்புத் தவறானது’ என்று ஒரு வரி இருந்தது. அது அவசியமில்லை என்றேன். “தெரியாததைத் தெரியாது எண்டு எழுதவேணும் எண்டுதானே உங்களுக்குப் படிப்பிச்சது?” என்றார். திங்கட்கிழமை லொறி கற்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

விசாரணை முடிந்து எலும்புகளைக் கொடுக்கும் நாள் வந்தது. பிலோமினாக்கா தாடையைப் பார்த்துவிட்டு, “இதென்ன தம்பி எழுத்து?” என்று கேட்டார்.

“இலக்கம் அக்கா.”

“அவருக்கு என்னத்துக்கு இலக்கம்?”

அழியாமல் இருப்பதற்கென்றே பூசிய நகப்பூச்சு, அழியவில்லை. சவரப் பிளேட்டும் பஞ்சுமாக இருந்து ஏழு இலக்கத்தையும் சுரண்டினேன். வேலைக் காலம் முழுவதும் ஆயிரக்கணக்கில் இலக்கம் எழுதியவன். அழித்தது அந்த ஏழுதான். நான் நாக்கில் வைத்த துண்டும் அதில் ஒன்று. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அடக்கத்தன்று சாமியார் சரியான பூசையை வைத்தார். கிரவல் வெட்டுகிறவர்கள் எல்லாரும் வந்தார்கள். இந்தியாக் கதை சொன்னவர்களும் வந்து முன்வரிசையில் நின்றார்கள். ஐயா கோயிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசிவரை நின்றார்.

பின்னேரம் பதிவேட்டை விரித்தோம். ஏழு வரிக்கும் நான் சிவப்புக் கோடு கீறினேன். காரணத்துக்கு ‘தொல்பொருள் அல்ல’ என்பது வழக்கமான வாசகம். அதை எழுதப் பேனையை வைத்தேன். ஐயா பேனையை என் கையிலிருந்து வாங்கினார். அவருடைய நேரான எழுத்தில் எழுதினார்: ‘பேர் உள்ளவர். அருளப்பு.’ பிறகு இருவரும் கையொப்பம் வைத்தோம்.

அதற்குப் பின் வந்த இடப்பெயர்வில் கந்தோர் போனது, அலுமாரி போனது. பதிவேட்டைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மழையில் நெடுங்கேணிப் பக்கம் நடந்தேன். நனைந்தது அப்போதுதான். ஐயா கேட்ட எலும்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. கல்லைத் தட்டியவர் இன்னும் அந்த மண்ணில்தான் எங்கோ கரைந்திருக்கிறார். அவர் எப்படி இருந்தார் என்று கற்கள் சொன்னது எனக்குப் போதும்.

பின்னேரம் அந்த உத்தியோகத்தர் மறுபடி அழைத்தார். காரணத்தைச் சொன்னேன்.

“ஐயா, இதிலை பேர் போடுறதுக்கு நிரல் இல்லை. பொருளின்ரை வகை கேக்குது.”

“‘உள்ளூர் மக்களிடம் பெற்ற தகவல்’ எண்டு ஒரு நிரல் இருக்குமே?”

“இருக்கு ஐயா. எல்லாத்துக்கும் ‘இல்லை’ எண்டுதான் கிடக்கு.”

“ஓம். அதை நான்தான் எழுதினனான். பதினேழாம் இலக்கத்திலை மட்டும் அதை வெட்டிப்போட்டு, அருளப்பு எண்டு போடுங்கோ. காரணத்துக்கு, அந்த நிரலைப் பாக்கவும் எண்டு எழுதுங்கோ.”

அவர் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “இப்ப அடுத்த பக்கத்துக்குப் போகுது ஐயா,” என்றார்.